அம்மா ஆபிஸும் ஒங்கம்மா அக்காவும்

தானம் கொடுக்க வந்தவர்களை அழவைத்து அனுப்பியவர் என்று இந்த மலைநாட்டில் யாருக்காவது பட்டம் கொடுப்பதாக இருந்தால், அதை எங்கள் ஒங்கம்மா அக்காவுக்குத்தான் கொடுக்க வேண்டும். போட்டிக்கு ஆளே கிடையாது. வாங்குகிறவர்கள் அழுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. கொடுத்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனது அட்டனில், எங்கள் ஆபிஸில் மட்டும்தான்.

ஆபிஸ் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இரண்டு அறை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பிலோ கனடாவிலோ நன்றாக வந்துவிட்ட மனிதர்கள், தங்கள் அம்மாவின் திவசம் வந்தால் அம்மா பெயரில் ஏதாவது செய்ய நினைப்பார்கள். அதை அவர்களிடம் வாங்கி, தோட்டங்களில் கஷ்டப்படும் பெண்களிடம் சேர்ப்பது எங்கள் வேலை. புருஷனை இழந்தவர்கள், குளவி கொட்டி மலைக்கு வேலைக்குப் போக முடியாமல் கிடப்பவர்கள், வரிசை வீடுகளான லயத்தில் தீப்பிடித்து எல்லாம் போனவர்கள் என்று பட்டியல் எப்போதும் நீளமாகவே இருந்தது. நிலையத்தின் பெயரும் நீளம். வாயில் நுழையாததால் ஊர் அதை ‘அம்மா ஆபிஸ்’ என்று சுருக்கிவிட்டது. நான் கடிதம் எழுதுகிறவன். அக்கா சாமான் அறைக்குப் பொறுப்பு. இவ்வளவுதான் ஆபிஸின் மொத்த ஜனத்தொகை.

அக்கா திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு. சேலைக்கு மேலே, எந்தக் காலத்திலோ எந்தத் துரையோ கழித்துக் கட்டிய ஆண்பிள்ளைக் கோட்டு ஒன்றைப் போட்டிருப்பார். அந்தக் கோட்டுப் பைக்குள் அளவு நாடா இருக்கும், ஊசி நூல் இருக்கும், ஒரு காந்தத் துண்டும் இருக்கும். யாராவது எவர்சில்வர் பாத்திரம் கொண்டு வந்தால், வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே, அசலா என்று ஒட்டிப் பார்க்கக் காந்தத்தை எடுத்துவிடுவார்.

எது வந்தாலும் அக்கா கேட்பது ஒரே கேள்வி.

“இத ஒங்க அம்மாவுக்குக் குடுப்பீங்களா?”

குரலில் கோபம் இருக்காது. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது மாதிரிதான் கேட்பார். ஆனால் சண்டை தொடங்கும்போது மட்டுமே ‘ஒங்கம்மா’ என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய ஊர் இது. முதல் தடவை வருகிறவர்களில் சிலர் சட்டைக் கையை மடித்துவிட்டதும் உண்டு. நான் ஓடிப்போய் நடுவில் நின்று, “ஐயா, அவங்க நெசமாவே ஒங்க அம்மாவப் பத்தித்தான் கேக்குறாங்க” என்று விளக்க வேண்டியிருக்கும். பெயர் வந்தது அப்படித்தான்.

ஒரு தடவை, வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒரு கட்டுச் சேலையோடு வந்தார். அத்தனையும் ஒரே சிவப்பு. அக்கா ஒரு சேலையை எடுத்து வாளியில் நனைத்தார். ஐயாவுக்கு நான் தேத்தண்ணி கொடுத்து, அவர் குடித்து முடிப்பதற்குள் வாளித் தண்ணீர் பீட்ரூட் சாறாகிவிட்டது.

“ஐயா, இதக் கட்டிக்கிட்டு மழையில மலைக்குப் போனா, புள்ளைக்கு அடிபட்டு ரத்தம் ஓடுதுன்னு, வேல வாங்குற கண்டாக்கு ஐயா ஆஸ்பத்திரி வண்டிய கூப்பிட்டுருவாரு. ஒங்க அம்மாவுக்குக் குடுப்பீங்களா?”

அவர் சேலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய், வேறு சேலையோடு திரும்பி வந்தார். அதுவரை நல்லபடியாகத்தான் போயிற்று. ஆனால் அக்கா அந்த வாளித் தண்ணீரைப் பின்பக்கம் ஊற்ற, அங்கே ஓட்டையாக இருந்த குழாய் வழியாக அது நேரே கீழே இறங்கி, பேக்கரிக்காரர் ஆற வைத்திருந்த மாலுபான் என்ற மீன் பன் தட்டில் விழுந்துவிட்டது.

பேக்கரிக்காரர் சோமபால முதலாளி கினிகத்தேனைச் சிங்களவர். நல்ல மனிதர். ஆனால் சிவப்பு மாலுபானைக் கையில் பிடித்துக்கொண்டு யாருமே நல்ல மனிதராக இருக்க முடியாது. “மே மொகத அக்கே?”, இது என்ன அக்கா என்று சிங்களத்தில் கத்திக்கொண்டே படியேறி வந்தார். அக்கா அந்த மாலுபானைக் கையில் வாங்கி, ஒரு கடி கடித்து, “ருசி நல்லாத்தான் இருக்கு முதலாளி” என்றார். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த மாதம் அவரும் தன் அம்மா பெயரில் ஒரு கூடை பாண் கொண்டு வந்தார். முதல் நாள் விற்காமல் மிஞ்சிய பாண். அக்கா ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார். பிறகு தன் வழக்கமான கேள்வியை அவருடைய பாஷையிலேயே கேட்டார், “முதலாளி, ஒயாகே அம்மாட்ட தெனவத?”

சோமபால முதலாளி கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். திரும்பி வந்தபோது பாணில் ஆவி பறந்தது. அன்றிலிருந்து அவர் அக்காவின் பரம பக்தர். எங்கள் வாடகைப் பேச்சைக்கூட அக்கா முன்னால் எடுக்க மாட்டார்.

கம்பளிக் கதை இன்னும் மோசம். ஒரு டிசம்பர் காலையில், பனி ஜன்னலுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தபோது, ஒருவர் காகிதம் போன்ற கம்பளிகளை இறக்கினார். அக்கா அதில் ஒன்றை அவருக்கே போர்த்திவிட்டு, வெளிப்படியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார். “கொஞ்ச நேரம் இருங்க ஐயா, இந்தா வந்துர்றேன்” என்று உள்ளே போனவர் வரவேயில்லை. மனிதர் மரியாதைக்காரர், எழுந்து போகாமல் இருந்தார். அரை மணித்தியாலம் கழித்துத் தும்மல் சத்தம் கேட்டுத்தான் நான் போய்ப் பார்த்தேன். மறு வாரம் அவரிடமிருந்து வந்த கம்பளிகளைத் தூக்குவதற்கே இரண்டு ஆள் தேவைப்பட்டது.

ஆனாலும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது குடைக்காரர்தான். கொழும்பில் கடை வைத்திருப்பவர். கொழுந்தெடுக்கும் பெண்களுக்கென்று ஒரு வேன் நிறையக் குடை கொண்டு வந்தார். ஒவ்வொரு குடையிலும் அவருடைய அம்மாவின் படம், பொட்டும் மூக்குத்தியுமாக. அக்கா ஒரு குடையை விரித்து அவர் கையில் கொடுத்தார். ஒரு கொழுந்துக் கூடையை எடுத்து அவர் தலையில் கயிற்றை மாட்டி முதுகில் தொங்கவிட்டார். பிறகு பேக்கரி வாசலில் இருந்த குரோட்டன்ஸ் செடியைக் காட்டினார்.

“எடுங்க ஐயா, கொழுந்து.”

அவர் ஒரு கையால் எடுத்தார்.

“ரெண்டு கையாலயும் எடுக்கணும். இல்லாட்டி நிறுவைக்கு வராது. அரைப் பேருதான் போடுவாங்க, அரை நாள் சம்பளந்தான்.”

அவர் குடையைக் கழுத்தில் இடுக்கிப் பார்த்தார். கக்கத்தில் வைத்துப் பார்த்தார். குடை பறந்து போய்ச் சாக்கடைக்குப் பக்கத்தில் மல்லாந்து விழுந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது. அக்கா அதைப் பார்த்து, உண்மையிலேயே வருத்தப்பட்டு, “ஐயோ, ஒங்க அம்மா நனையுறாங்களே ஐயா” என்றார்.

குடைக்காரர் கூடையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்க் குடையை எடுத்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டே அழுதுவிட்டார். குடைகள் வந்த வேனிலேயே திரும்பிப் போயின. மழைக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்குகள் வந்து சேர்ந்தன, படம் எதுவும் இல்லாமல். திம்புள்ளப் பெண்கள் பல பேர் அந்தப் படங்குகளை இன்றைக்கும் கட்டுகிறார்கள்.

இதெல்லாம் இன்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. அன்று அப்படி இல்லை. கொடுக்கிறவர்கள் குறைந்துகொண்டு வந்தார்கள். “அந்தம்மா இருக்கிற வரைக்கும் நாங்க வர மாட்டோம்” என்று இரண்டு பேர் என்னிடம் நேரிலேயே சொல்லிவிட்டார்கள். அக்காவிடம் சொன்னால், “வராட்டி போகட்டும் தம்பி. அவங்க அம்மாவுக்கே ஒழுங்கா குடுக்காதவங்க நமக்கா குடுக்கப் போறாங்க?” என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு சாமானும் இல்லாமல் தோட்டத்துக்குக் கடிதம் எழுத வேண்டியவன் நான்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு லயம் தீப்பிடித்தது. பகலில், எல்லோரும் மலையில் இருந்தபோது. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. ஜனங்கள் எல்லோரும் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தார்கள். அக்காவும் நானும் பெயர் எழுதப் போனோம். வரிசையில் கடைசியாக வந்தவர் செல்வராணி. புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். பெயரைக்கூடச் சொல்லாமல் முதலில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, எங்கம்மா உடப்புசல்லாவையில இருக்காங்க. நெஞ்சு வருத்தக்காரங்க. நெருப்பு புடிச்சத அவங்ககிட்ட சொல்லல. நல்லா இருக்கோம்னுதான் போன்ல சொல்லிக்கிட்டு இருக்கேன். பேப்பர்லயோ போன்லயோ எம் படம் வந்துச்சுன்னா அவங்க தாங்க மாட்டாங்கக்கா.”

“படம் கிடம் ஒண்ணும் கெடையாது. நான் இருக்கேன்ல?” என்றார் அக்கா. “வாக்கு குடுத்துட்டேன், போ. புள்ளைகளுக்குச் செருப்பு அளவு சொல்லு.”

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் போனில் பேசினார். கட்டட ஒப்பந்தக்காரர். அவருடைய அம்மா அதே தோட்டத்தில் கொழுந்தெடுத்தவராம். வீடு எரிந்துபோன எல்லாக் குடும்பத்துக்கும் கம்பளி, சேலை, பாத்திரம், அடுப்பு, பிள்ளைகளுக்குப் புத்தகப்பை எல்லாம் தருவதாகச் சொன்னார். சாமான் அவ்வளவும் முதல்தரம். அக்காவின் காந்தமே தலைகுனிந்திருக்கும். ஒரேயொரு நிபந்தனை. அம்மாவின் திவசத்தன்று, அம்மா படத்துக்கு முன்னால், தன் கையால் கொடுப்பார். படம் எடுக்க ஆள் வரும்.

அக்காவிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். ஆகவே கேட்கவில்லை.

கொடுக்கிற நாளன்று காலையில், நுவரெலியாவில் மலிவாகச் சுவெட்டர் வந்திருப்பதாகவும், அவரைத் தவிர வேறு யாருக்கும் அதைப் பார்த்து வாங்கத் தெரியாது என்றும் அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. கோட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு, “நூல பிரிச்சுப் பாத்துத்தான் வாங்குவேன்” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். நான் கையைக்கூட ஆட்டினேன்.

பெரிய மனிதர் இரண்டு கமராக்காரர்களோடு வந்தார். ஒருவரிடம் பறக்கும் கமரா. பெண்கள் கம்பளி வாங்குவதை வானத்திலிருந்து எடுக்க வேண்டுமாம். மேடைக்குப் பின்னால் அவருடைய அம்மாவின் பெரிய படம், மாலையோடு. படத்தைப் பார்த்ததும் அவர் விம்மி அழுதார். பொய்யழுகை இல்லை. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் கமராக்காரர் பெண்களைப் பார்த்து, “சிரிக்காதீங்க, கொஞ்சம் கஷ்டமா பாருங்க” என்றார். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

செல்வராணி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வந்தார். கமராக்காரர் என்னைப் பார்த்தார். பெரிய மனிதரும் என்னைப் பார்த்தார்.

“முக்காட்ட எடுங்கம்மா. ஒரே ஒரு போட்டோதான்” என்றேன் நான்.

செல்வராணி என்னைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை. அக்கா எங்கே என்று கண்ணால் தேடியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தாது. முந்தானையை இறக்கிவிட்டு, கையை நீட்டினார். இந்தக் கையால் எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எப்படி எழுதித் திருத்துவது என்று இன்னும் தெரியவில்லை.

பின்னேரம் அக்கா ஒரு மூட்டைச் சுவெட்டரோடு வந்தார். எனக்கென்று ஒரு கம்பளித் தொப்பி தனியாக வாங்கி வந்திருந்தார், காலையில் என் காது சிவந்து போவதைப் பார்த்திருக்கிறார். கொழும்பு ஐயா திடீரென்று வந்து கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னேன்.

“போட்டோ?”

“எடுக்கல அக்கா.”

“அதானே, நீ விடுவியா?” என்று சொல்லிவிட்டு, தொப்பியை என் தலையில் போட்டுப் பார்த்தார்.

மூன்றாம் நாள், வயதான பெண் ஒருவர் படியேறி வந்தார். ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கினார். கையில் துணி மூட்டை. பின்னால் செல்வராணி, பிள்ளைகளோடு, தலையைக் குனிந்துகொண்டு. பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்ணின் போனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, உடப்புசல்லாவையிலிருந்து பஸ் மாறி மாறி அந்த அம்மா தனியாக வந்திருக்கிறார். மூட்டையை அவிழ்த்தார். மகளுக்கென்று கொண்டுவந்த அவருடைய சொந்தச் சேலைகள், மடித்து வைத்தவை. எங்கள் கம்பளியையும் பாத்திரத்தையும் செல்வராணி திருப்பி மேசையில் வைத்தார்.

“தம்பி, அந்த ஐயாவோட அம்மா செத்துப் போயிட்டாங்க. பாவம், அவரு குடுக்குறாரு. எம் மகளுக்கு நான் உசுரோட இருக்கேனே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, ஊருக்கெல்லாம் காட்டிட்டீங்களே. நான் செத்தா போயிட்டேன்?”

அக்கா மேசையில் கிடந்த கம்பளியைப் பார்த்தார். செல்வராணியைப் பார்த்தார். பிறகு என்னை ஒரு தடவை பார்த்தார். இப்போது திட்டு வரும், அட்டன் முழுவதும் கேட்கும்படி வரும் என்று நான் காத்திருந்தேன். வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

அக்கா அந்த அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்கம்மா” என்றார். உட்கார்ந்ததும் அவர் முன்னால் கைகூப்பினார்.

“போட்டோ எடுக்க மாட்டோம்னு ஒங்க மகளுக்கு வாக்கு குடுத்தவ நாந்தாம்மா. காப்பாத்தல. தப்பு என்னோடதுதான். மன்னிச்சிருங்க.”

அதுதான் அவர் அந்த ஆபிஸில் பேசிய கடைசிப் பேச்சு. அம்மா மகளைத் தன்னோடு கூட்டிப் போவதாகச் சொன்னார். அக்கா துணி மூட்டையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவர்களைப் பஸ்ஸேற்றப் போனார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் போனது. அக்கா திரும்பி ஆபிஸ் பக்கம் வரவில்லை.

செல்வராணி வேலையை விட்டுப் போனதால், தோட்டத்து வேலைப் பட்டியலில் அவர் பேரை வெட்டிவிட்டார்கள். எரிந்த லயத்துக்குப் பதிலாகப் புது வீடுகள் கொடுத்தபோது அவருக்கு வீடு இல்லை. தோட்டத்துக்கு நான் கடிதம் எழுதினேன், மறுபடியும் மறுபடியும் எழுதினேன். பேர் இல்லாதவருக்கு வீடு இல்லை என்று ஒரேயொரு பதில் வந்தது. அந்தப் படம் மட்டும் இன்றைக்கும் யார் யார் போனிலோ சுற்றிக்கொண்டிருக்கிறது. நிறையப் பேர் அதற்குக் கீழே கைகூப்பும் குறி போட்டிருக்கிறார்கள். அடுத்த வருஷம் நானும் ஆபிஸை விட்டுவிட்டு, இப்படிப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கத் தொடங்கினேன்.

அக்கா இப்போது கினிகத்தேனையில் இருக்கிறார். சோமபால முதலாளியின் தங்கை அங்கே ஒரு தையல் கடை வைத்திருக்கிறார். அங்கே பொத்தான் தைக்கிறாராம். பொத்தானை இழுத்துப் பார்த்துப் பாதியைப் பிய்த்துவிடுகிறார் என்று முதலாளி சிரித்துக்கொண்டே முறைப்பாடு சொல்வார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் குரலைத் தாழ்த்துவார்.

“அக்கா ஒங்களத்தான் கேக்குது. தம்பிக்கு ஒடம்பு சொகமான்னு கேக்குது. ஒரு நாளைக்கு போங்களேன் மாத்தயா.”

அட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. இரண்டு தடவை பஸ் ஏறியிருக்கிறேன். ஒரு தடவை ரொசெல்லையிலும், ஒரு தடவை வட்டவளையிலும் இறங்கி, எதிர்ப்பக்கத்துப் பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன். அக்கா என்ன செய்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போடுவார், “உக்காரு தம்பி” என்பார், தேத்தண்ணி போட எழுந்து போவார். அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

திட்டுவார் என்று தெரிந்தால், நாளைக்கே முதல் பஸ்ஸில் போய்விடுவேன்.